நீறு பூத்த மேட்டுக்கு ஒரு வெப்பமானி

கச்சான் காற்று எழும்பும் ஆடி மாதத்தில், திருகோணமலையில் மேற்குப் பக்கத்து யன்னல்களை நாங்கள் பகலில் திறப்பதில்லை. வெக்கையும் புழுதியும்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தோம். அண்மைய ஆண்டுகளில் நகருக்கு வெளியே உள்ள குப்பை மேட்டின் புகையும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. தொடக்கத்தில் எரிந்த பொலித்தீனின் மணம் என்று எவரும் இனங்காணக்கூடியதாக இருந்த அது, சென்ற ஆண்டு புளிப்பும் இனிப்பும் கலந்த, தொண்டையைப் பிடிக்கும் வேறொரு மணமாக மாறியது. இருபது ஆண்டுகளாக உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிக்கும் எனக்கு, அதை நேரில் போய்ப் பாராமல் இருக்க முடியவில்லை.

அங்கே உழவு இயந்திரம் ஓட்டுபவர் என்னைவிட மூத்தவர்; நான் அவரை அண்ணை என்றே அழைப்பேன். மேட்டின் ஓரிடத்தில் அலவாங்கை மார்பளவு ஆழத்துக்கு இறக்கிவிட்டு, பிளேன்ரீ ஒன்றைக் குடித்து முடிக்கும் நேரம் பொறுத்திருந்து, இழுத்தெடுத்து, அதன் முனையை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"மேல ஒரு நெருப்பும் இல்லை, சேர். எல்லாம் உள்ளுக்குத்தான் கிடக்குது. பிடிச்சுப் பாருங்கோ, ஏலாது."

உண்மையாகவே பிடிக்க இயலவில்லை. அலவாங்கு சுடும் இடத்துக்கு அவர் உழவு இயந்திரத்தைக் கொண்டுபோவதில்லை. ஒருமுறை அப்படிப்பட்ட இடத்தில் சில்லு புதைந்துவிட்டதாம். அந்த மேட்டின் நிலத்தடி வெப்பத்தை அளக்கும் ஒரே கருவி அந்த அலவாங்கு. ஒரே பதிவேடு அவருடைய உள்ளங்கை. இந்த நிலையைச் சட்டத்தால் எப்படி மாற்றலாம் என்பதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

தம்பலகாமத்துப் பக்கம் அரிசி ஆலைகளின் பின்புறம் உமி மேடுகளைக் கண்டவர்களுக்கு நீறு பூத்த நெருப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. மேலே சாம்பல் நிறத்தில் ஆறிக் கிடப்பதுபோல் தோன்றும் உமிக்குள் காலை வைத்தால் கணுக்கால்வரை வெந்துவிடும். குப்பை மேட்டில் நிகழ்வது இதற்கு உறவானது. ஆனால் அங்கே நெருப்பு மூளுவதற்கு முன்பே வெப்பம் தோன்றிவிடுகிறது. எங்கள் குப்பையில் பாதிக்கு மேல் உணவுக் கழிவும் இலைகுழையும். அவற்றை நுண்ணங்கிகள் காற்றோடு சேர்த்து உண்ணும்போது வெளிவிடும் வெப்பம், கூட்டெருக் குவியலில் ஆவி பறப்பதைப் போல, 60 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். ஒட்சிசன் தீர்ந்த பின்னர் மெதேன் ஆக்கும் நுண்ணங்கிகள் வேலையைப் பொறுப்பேற்கின்றன. இவை அமைதியானவை, 35 முதல் 55 பாகை வரையிலான சூட்டில் நன்றாக வாழ்ந்து, ஏறக்குறையப் பாதி மெதேனும் பாதி காபனீரொட்சைட்டும் கொண்ட வாயுவைத் தருகின்றன.

கவலைக்குரியது இதற்கு மேல் ஏறும் சூடு. ஏறக்குறைய 65 பாகைக்கு மேல் மெதேன் ஆக்கும் நுண்ணங்கிகள் நலிவடைகின்றன. மெதேனின் பங்கு குறைகிறது. காபனீரொட்சைட்டும் ஐதரசனும் காபனோரொட்சைட்டும் கூடுகின்றன. அந்த நிலையில் மெதேன் அளவை மட்டும் பார்த்து, "வாயு குறைந்துவிட்டது, மேடு ஆறிவிட்டது" என்று ஒருவர் அறிக்கை எழுதினால், அவர் நோயாளியின் குரல் அடங்கியதைக் குணம் என்று எழுதுகிறார். நீண்டகாலம் சூடேறிய பொருள் உள்ளேயே கரியாகிச் சுருங்குகிறது, மேல்தளம் தாழ்கிறது, கசியும் ஊறல் நீர் பெருகுகிறது. அண்ணையின் இயந்திரச் சில்லு புதைந்தது இதனால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்; ஆனால் உலகில் வேறு இடங்களில் பொறியியலாளர்கள் தேடும் அடையாளங்களுள் இந்தத் தாழ்வு முதன்மையானது.

வெளியூரிலிருந்து வருபவர்கள் சிலர், கன்னியாவில் நிலமே சுடுகிறதே, இங்கே குப்பை சுடுவதில் என்ன வியப்பு என்று வேடிக்கையாகக் கேட்பதுண்டு. கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் நீர் சுடுவது, மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மீண்டும் மேலெழுவதால். அந்தச் சூடு மனித உடற்சூட்டை ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோதான் இருக்கும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தலையில் ஊற்றிக்கொள்வார்கள். குப்பை மேட்டின் சூட்டுக்கு ஆழமும் இல்லை, பழமையும் இல்லை. நாங்கள் கொட்டியதால் வந்தது, ஆகையால் அளப்பதும் எங்கள் கடமை.

பிற நாடுகள் இதை எப்படிச் சட்டமாக்கின என்று படித்தபோது, எண்களைவிட அந்த எண்களுக்குப் பின்னால் உள்ள நாட்கணக்கு என்னைக் கவர்ந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி விதிகளின்படி, நகரக் குப்பை நிலத்தின் எல்லையில் மெதேன் அதன் வெடிக்கும் கீழெல்லையைத் தாண்டலாகாது. வளவுக்குள் உள்ள கட்டிடங்களில் அதன் காற்பங்கைத் தாண்டலாகாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்த மெதேன் ஒரு பொறியில் வெடிக்கும் என்பதை நினைவிற் கொண்டால், கட்டிடத்துக்குள் அனுமதி 1.25 சதவீதம் என்றாகிறது. அளவை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் செய்ய வேண்டும். எல்லை மீறினால் உடனே பாதுகாப்பு நடவடிக்கையும் அறிவித்தலும், 7 நாட்களுக்குள் பதிவும், 60 நாட்களுக்குள் நிவாரணத் திட்டத்தின் செயலாக்கமும் கட்டாயம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திண்மக் கழிவு விதிகளும் இதே காற்பங்கு அளவைக் குப்பை நிலத்துக்கு விதித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டுப் பணிப்புரை, நிலம் இயங்கும் காலத்தில் மாதந்தோறும், மூடிய பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மெதேன், காபனீரொட்சைட்டு, ஒட்சிசன் முதலியவற்றோடு வளிமண்டல அமுக்கத்தையும் பதியச் சொல்கிறது.

வளிமண்டல அமுக்கம் ஏன் என்று மாணவரிடம் கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள். 1986ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி இங்கிலாந்தின் டார்பிசயரில், லொஸ்கோ என்ற ஊரில், குப்பை நிரப்பிய பழைய குழி ஒன்றின் அயலிலிருந்த வீடு வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த மூவர் காயங்களோடு தப்பினர். அதற்கு முந்திய சில மணி நேரத்தில் அங்கே வளிமண்டல அமுக்கம் சடுதியாக வீழ்ந்திருந்தது. மேலே அழுத்திக்கொண்டிருந்த காற்று இளகியதும், மண்ணுக்குள் அடங்கிக் கிடந்த வாயு நிலத்தின் வழியே பக்கவாட்டில் ஊர்ந்து வீட்டின் தரைக்கடியில் சேர்ந்துவிட்டது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் கார்த்திகை, மார்கழி மாதங்களை எண்ணிப் பார்க்கும் எவருக்கும் இந்தச் செய்தி வெறும் இங்கிலாந்துச் செய்தியாகத் தோன்றாது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் எங்கள் மாவட்டக் கரையில் ஏறியபோது கூரையும் மரமுமே எங்கள் நினைவில் இருந்தன. மழையில் ஊறிய மேல்மண் ஒரு மூடியைப் போல் அடைத்துக்கொள்ள, அமுக்கமும் வீழும் அந்த நாட்களில்தான், வாயு குப்பை மேட்டின் விளிம்பைத் தாண்டி அயல் மண்ணுக்குள் நகர்வதற்கு வாய்ப்பு மிகுதி.

வெப்பத்துக்கான விதிகளுக்கு வருகிறேன். அமெரிக்காவின் பெரிய குப்பை நிலங்களில் வாயுவை உறிஞ்சுவதற்குக் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டிருக்கும். அவற்றின் தலைப்பகுதியில் வெப்பநிலை 55 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது 1996இல் வந்த விதி. ஒட்சிசன் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் அது சொன்னது. காரணம், வாயுவை அளவுக்கு மீறி உறிஞ்சினால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு நெருப்பை ஊதிவிடும். 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தில் இந்த வெப்ப எல்லை 62.8 பாகைக்கு உயர்த்தப்பட்டது. அதைத் தாண்டினால் வாரந்தோறும் கூடுதல் அளவைகளும், 76.7 பாகையோடு காபனோரொட்சைட்டும் மில்லியனில் 1000 பங்கை எட்டினால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கையும் தேவை.

இவ்விதிகளில் எனக்கு மனக்குறை உண்டு. தனியொரு கிணற்றுக்கு உயர்ந்த எல்லை வேண்டும் என்று நடத்துநர் விண்ணப்பிக்கலாம். நெருப்பு மூளாது, மெதேன் நுண்ணங்கிகள் அழியா என்பதற்குத் தரவு காட்டினால் போதும். அந்தத் தரவைத் திரட்டுபவரும் நடத்துநரே. மிசூரி மாநிலத்தில் பிரிச்டன் குப்பை நிலத்தின் அடியில் சூடேறுவது 2010ஆம் ஆண்டு டிசம்பரில் தெரியவந்து ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பக்கத்திலேயே முதல் அணுகுண்டுத் திட்டத்தின் கதிரியக்கக் கழிவு புதைந்து கிடப்பதால் ஊர் முழுவதும் உறக்கமின்றித் தவித்தது. கலிபோர்னியாவில் சிக்கீட்டா கன்யன் நிலத்தில் 2022 அளவில் தொடங்கிய வெப்ப வினைக்குப் பின்னர், 2025ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து அங்கே புதிய குப்பை கொட்டப்படுவதில்லை. இவை கருவிகளும் பொறியியலாளர்களும் நிறைந்த நாட்டில் நடந்தவை. சூடு ஏற ஏறக் கோட்டையும் மேலே நகர்த்தும் வழி சட்டத்திலேயே இருக்குமானால், வெப்பமானி எத்தனை நுட்பமானதாயினும் அயலில் வாழ்பவருக்கு அதனால் பயனில்லை.

இந்த விதிகளை அப்படியே வர்த்தமானியில் பெயர்த்து வெளியிட்டால் இலங்கையில் என்ன நடக்கும்? அமெரிக்காவின் வாயு விதி 25 இலட்சம் தொன் கொள்ளளவுக்கு மேற்பட்ட நிலங்களைத்தான் முதன்மையாகக் கட்டுப்படுத்துகிறது. நாளொன்றுக்கு 50 தொன் கொட்டும் ஒரு நகரம் அந்த அளவை எட்ட 137 ஆண்டுகள் வேண்டும். அதுவரை எங்கள் மேடுகள் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படா. அதோடு, கிணற்றுத் தலையின் வெப்பத்தை அளக்க வேண்டும் என்று எழுதினால், கிணறே இல்லாத மேட்டை நடத்தும் சபை "பொருந்தாது" என்று ஒரு சொல்லை எழுதிப் படிவத்தை அனுப்பிவிடும். கொரிய உதவியோடு தொம்பேயில் அமைத்ததைப் போன்ற முறையான நிரப்பு நிலங்கள் நாட்டில் மிகச் சில. மற்றவை திறந்த வெளியில் கொட்டும் மேடுகள். ஆகையால் எங்கள் ஒழுங்குவிதி தொன் கணக்கை விட்டு ஆழத்தைப் பிடிக்க வேண்டும். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் கணக்கு முறையில், 5 மீற்றருக்குக் குறைந்த திறந்த குப்பைக்கு 0.4 என்றும், அதற்கு மேற்பட்டதற்கு 0.8 என்றும் மெதேன் காரணி வைத்திருக்கிறார்கள். ஆழம் கூடினால் காற்று புகாத பகுதி கூடுகிறது என்பதே அதன் பொருள். 5 மீற்றர் உயர்ந்த எந்த மேடும் கண்காணிப்புக்கு உட்பட்டது என்று ஒரு வரி எழுதினால், எந்தச் சபையும் அதிலிருந்து நழுவ முடியாது. அளவு நாடாவோடு ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போய் உறுதிசெய்யலாம்.

சட்டத்துக்கான அடித்தளம் புதிதாகத் தேவையில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதி ஆக்கவும், சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்கு நிபந்தனை விதிக்கவும் ஏற்கெனவே இடமுண்டு. அந்த நிபந்தனைகளுள் வெப்பமும் வாயுவும் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. மேட்டின் பரப்புக்கு ஏற்பச் சில இடங்களில் அடிவரை துளையிட்டு, கீழ் முனை மூடிய இரும்புக் குழாயை நிரந்தரமாக இறக்கிவிட்டால், நீண்ட கம்பியில் கட்டிய வெப்ப உணரியை அதற்குள் மீற்றர் மீற்றராக இறக்கி வாசிக்கலாம். எல்லை வேலியோரத்தில் துளையிட்ட பீவீசீக் குழாய்களைச் சரளைக் கல்லுக்குள் புதைத்து, மேற்பகுதியைக் களிமண்ணால் அடைத்து, வாயில் ஒரு வால்வு பூட்டினால் வாயு மாதிரி கிடைக்கும். குழாயும் சரளையும் எந்தக் கட்டிடப் பொருள் கடையிலும் வாங்கக்கூடியவை. வாயுமானிதான் விலை கூடியது. அதை மாவட்டத்துக்கு ஒன்றாக வாங்கி, சபைகள் முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

காபனோரொட்சைட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையை இரசாயன ஆசிரியனாகச் சொல்லியாக வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் மலிவான மின்னிரசாயன உணரிகள் ஐதரசனையும் காபனோரொட்சைட்டு என்று எண்ணிக்கொள்ளும்; சூடேறிய குப்பையில் ஐதரசன் மிகுதி என்பதால், இவை பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும். ஆகவே களத்து எண் சந்தேகத்தை எழுப்பினால், மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதிசெய்யும் கட்டளையும் விதியிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பொய் எச்சரிக்கைக்குப் பின் கருவியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

எப்போது அளப்பது என்பதிலும் காலாண்டுக்கு ஒருமுறை என்ற பொதுச் சூத்திரத்தை நான் ஏற்கவில்லை. எங்களுக்குப் பருவம் நான்கு அல்ல. வைகாசி முதல் புரட்டாதி வரை, நிலம் வெடித்துக் கச்சான் காற்று மேட்டுக்குள் ஊதும் காலத்தில், வெப்பத்தை வாரந்தோறும் வாசிக்க வேண்டும். வாடை தொடங்கி மழை பிடித்த பின்னர் எல்லைக் குழாய்களின் மெதேனை வாரந்தோறும் பார்க்க வேண்டும்; வளிமண்டலவியல் திணைக்களம் தாழமுக்க எச்சரிக்கை விடுக்கும் நாளில், வாரக் கணக்கைப் பாராமல், அன்றே பார்க்க வேண்டும். மற்ற மாதங்களில் மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒரே ஒரு வாசிப்பின் எண்ணைவிட, அடுத்தடுத்த வாசிப்புகளில் ஏற்றம் தொடர்கிறதா என்பதே பெரிது. 48 பாகையில் நின்றுகொண்டிருக்கும் குழாய் என்னை அச்சுறுத்தாது. 40இலிருந்து மூன்று வாரத்தில் 52க்கு வந்த குழாய், 55 என்ற கோட்டைத் தொடாவிட்டாலும், அன்றே ஒருவரை எழுப்ப வேண்டும்.

எழுப்பினால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். இதுவரை நான் கண்ட ஒரே நடவடிக்கை பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து பீய்ச்சுவது. புகை அடங்கும், இரண்டு நாளில் பத்து அடி தள்ளி மீண்டும் எழும். மேலே ஊற்றும் நீர் எளிதான வழியைத் தேடி ஓடுவதால் சூட்டின் மையத்தை அடைவதில்லை. சில வேளை அது அரித்த வழியே காற்றும் உள்ளே போகிறது. பெக்கோ கொண்டு கிளறினால் இன்னும் மோசம். வெடிப்புகளை மண்ணிட்டு அழுத்தி மூடிக் காற்றைத் தடுப்பதும், சூடான பகுதியை அகழியால் பிரித்து வைப்பதும், அந்தப் பகுதியில் புதிய குப்பை கொட்டுவதை நிறுத்துவதும்தான் முதலிற் செய்யவேண்டியவை. இதற்கான மண் குவியல் ஒன்று எந்நேரமும் மேட்டருகில் இருக்க வேண்டும் என்பதையும் உரிமத்தின் நிபந்தனையாக்கலாம்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, குப்பையை வீட்டிலேயே தரம் பிரித்து உக்கக்கூடியதைப் பசளையாக்கிவிட்டால் இந்தச் சிக்கலே எழாதே என்று ஒரு நண்பர் மறுத்தார். நாளைய குப்பைக்கு அவர் சொல்வது முற்றிலும் சரி. ஏற்கெனவே கொட்டிக் கிடப்பது அப்படியே கிடக்கும். அமெரிக்க விதிகளில் மூடிய நிலத்தைப் பொதுவாக 30 ஆண்டுகள் பராமரிக்கச் சொல்வது வீணாக அன்று. இன்னொருவர் கொழும்புக்கு அருகிலுள்ள மீதொட்டமுல்லைக் குப்பை மேட்டை நினைவூட்டினார். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், 32 உயிர்களைக் காவுகொண்ட அந்த விபத்து வாயு வெடிப்பன்று, மேடு சரிந்தது. ஆனாலும் உள்ளே கரியாகி, ஊறல் நீர் தேங்கி, தளம் தாழ்ந்த மேடு சரிவதற்கும் எளிதானது; வெப்பக் குழாய்களை வாசிக்கப் போகிறவர் வெடிப்பையும் தாழ்வையும் குறித்துவர ஐந்து நிமிடம் கூடுதலாக எடுக்கும்.

வாசிப்புகள் யாருடைய அலுமாரியில் தங்கும் என்பது என் கடைசிக் கவலை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டுப் பெறலாம்தான். ஆனால் விண்ணப்பித்து வாரக்கணக்கில் காத்திருந்து பெறும் வெப்பநிலை பழங்கணக்கு. வாசித்த அன்றே மேட்டின் வாயிற் பலகையில் திகதியோடு எழுதிவைக்க வேண்டும் என்று விதி சொன்னால் போதும். வாசிப்பவர் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. மேட்டை அறிந்தவர்கள் அங்கே தினமும் வேலை செய்பவர்கள். அவர்களுக்குப் பயிற்சியும், அந்த வேலைக்கென ஒரு படியும், ஐதரசன் சல்பைட்டைக் காட்டி ஒலிக்கும் சிறு கருவியும் கொடுக்க வேண்டும். அந்த வாயு கூடியபோது மூக்கு மரத்துவிடுவதால் மணத்தை நம்பி அவர்கள் நிற்கலாகாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அண்ணை வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில், நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த 55 பாகை அலவாங்கில் எப்படி இருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வியாகப் பட்டது. வாளியில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, பாடசாலை வெப்பமானியை விட்டு 55க்குக் கொண்டுவந்து, கிணற்றடியில் கிடந்த அலவாங்கின் முனையை அதற்குள் பத்து நிமிடம் வைத்தோம். இடையில் ஆறியபோது இன்னும் சிறிது வெந்நீர் ஊற்றினோம். எடுத்ததும் அவர் துடைத்துவிட்டு உள்ளங்கையை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"இதில எண்ணி மூண்டுக்குப் பிடிக்கலாம், சேர். அண்டைக்கு ஒண்டுக்கும் ஏலாமக் கிடந்தது."